பெயர் வரவேண்டிய இடம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் ஃப்ளெக்ஸ் கடை.
என் கம்ப்யூட்டரில் மூன்று கோப்புகள்:
தேசிங்கு வெற்றி
ரெஜினால்ட் வெற்றி இறுதி
ஏகவல்லி பெயர் மாறலாம்

ஒரே கட்சி, ஒரே தொகுதி, ஒரே சீட்டு.
விருப்ப மனு கட்டியவர்கள் பதினேழு பேர்.
மீதிப் பதினாலு பேரும்
ரசீதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் முதலாளி.
சட்டமும் நம்மிடமே கிடைக்கும்.

தேசிங்கு முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டார்.
"மேலிடத்துல சொல்லிட்டாங்க போல"
என்றான் லோடு ஆட்டோ நாகூரான்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
நம்பிக்கை இருப்பவன் அட்வான்ஸ் கொடுப்பான்.
பயந்தவன்தான் முழுசாகக் கொடுப்பான்.

ரெஜினால்ட் எதுவும் கொடுக்கவில்லை.
நேர்காணலில் தன்னிடம் ஐந்து கேள்வி,
மற்றவர்களிடம் இரண்டுதான் என்றார்.
ஐந்தில் ஒன்று, "தண்ணி குடிக்கிறீங்களா?"
அதையும் சேர்த்தே எண்ணியிருந்தார்.

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு ஏகவல்லி வந்தார்,
இறால் கணக்கு நோட்டை கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
"எம்பேரு வரலைன்னா
வேற பேரு போட்டுக்குடுக்க எவ்ளோ ஆவும்?"
நாலு எழுத்து மாத்த என்னக்கா காசு என்றேன்.
"எம்பேரு அஞ்சு எழுத்து" என்றார்.

மதியம் முழுக்கக் கணக்குதான்.
குப்பத்து ஓட்டு தேசிங்குக்கு.
ஹவுசிங் போர்டு பாதிக்குப் பாதி.
பைப்பு போட்டுக் கொடுத்த தெரு நன்றி மறக்காது.
மறக்கும், போன தடவை மறந்ததே.
பில் புத்தகத்தின் முதுகில்
நாகூரான் சதவீதம் எழுதினான்:
அறுபது, ஐம்பது, முப்பத்தைந்து.
கூட்டினா நூத்தி நாப்பத்தஞ்சு வருதேடா.
"கள்ள ஓட்டு இல்லாத எலெக்சனா?"

இதில் எதிலும் வராத ஒன்று எனக்குத் தெரியும்.
தேசிங்குக்கும் ரெஜினால்டுக்கும்
கழுத்துக்குக் கீழே ஒரே ஆள்.
எதிர்க்கடை லேத்து முனிரத்தினத்துக்கு
முதலாளியின் வெள்ளைச் சட்டையை மாட்டி
வெயிலில் கும்பிட்டு நிற்கவைத்து
மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம்.
அவருக்கு வலது சுண்டுவிரல் நுனி கிடையாது.
இடது விரலைப் புரட்டி நான்தான் நட்டு வைத்தேன்.
அந்த விரலோடு இதுவரை நாலு பேர் ஜெயித்திருக்கிறார்கள்.

ஏகவல்லி மட்டும்
தன் கையையே படம் எடுக்கச் சொன்னார்.
ஐஸ் தின்ற நகங்கள்.
வழவழப்பாக்கட்டுமா என்றேன்.
"கைய வுடு, மூஞ்சிய பாத்து பண்ணு" என்றார்.
என் வீடு இந்தத் தொகுதியிலேயே இல்லை,
ஆனாலும் அந்தக் கோப்பை
இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.

பட்டியல் நாளை என்றார்கள்.
நாளை வந்தது, அதுவும் நாளை என்றது.
அறிவிப்பு வந்தால் எல்லாக் கடையிலும் மெஷின் சிக்காது என்று
முதலாளி ஒரு முடிவெடுத்தார்:
"ஒடம்ப மொதல்ல அடி. தல அப்பறம் ஒட்டிக்கலாம்."

அடித்தேன். பன்னிரண்டுக்கு எட்டு.
வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை,
மேலே தலையளவு வெறும் நீலம்,
கீழே பெயர் வரவேண்டிய இடத்தில் மஞ்சள் பட்டை.
காய்வதற்காகக் கடை முகப்பில் தொங்கவிட்டோம்.

கேட் மூடியிருந்தது.
டேங்கர் வண்டி ஒன்று, எண்ணி மாளாத பெட்டிகளோடு
நடக்கலாமா நிற்கலாமா என்று போய்க்கொண்டிருந்தது.
காத்திருந்தவர்கள் எல்லாம் அண்ணாந்தார்கள்.
ஹெல்மெட்டைக் கழற்றி ஒருவர்,
"தோள பாரு, தேசிங்கேதான்."
பின்சீட்டிலிருந்து ஒரு பெண்,
"யோவ், மடிப்பு கலையாத சட்ட. ரெஜினால்டு அண்ணன்."
யாரோ நூறு ரூபாய் பந்தயம் கட்டினார்கள்.
வேறு யாரோ, எதற்கும் இருக்கட்டும் என்று
அந்த நீலத்தைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார்கள்.

முனிரத்தினம் லேத்தை நிறுத்திவிட்டு
வேஸ்டுத் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்,
குறிப்பாக அந்தச் சுண்டுவிரலை.
"யாருக்குமா சான்ஸு அதிகம்?"

மை காயட்டும் என்றேன்.