பிரிஞ்சி இலை

தேவகோட்டையில் கரண்ட் போன மத்தியானம்
என் பெட்டியைத் திறந்த அம்மா
சான்றிதழைத் தள்ளிவிட்டு
பழுப்பேறிய இலை வளையத்தை எடுத்தாள்.
சிவப்பு நாடாவை அவிழ்த்தாள். முகர்ந்தாள்.
"இதைத் தலையில வச்சுக்கிட்டா போட்டோ அனுப்புனே?
பிரிஞ்சி இலைடி இது."

ஆமாம்.
பதுவையில் பட்டம் வாங்கியவர் தலையில்
அதைத்தான் சூட்டுகிறார்கள்.
சூட்டி, நடுத்தெருவில் நிறுத்தி,
கூட்டமாக ஒரு பாட்டுப் பாடுகிறார்கள்.
அந்தப் பாட்டுக்கு அம்மா அர்த்தம் கேட்டாள்.
மறந்துவிட்டது என்றேன்.

அடுத்த வீட்டு ஆரோக்கியமேரி அக்காவைப் பொறுத்தவரை
நான் புள்ளியியல் படிக்கப் போகவே இல்லை.
அந்தோணியார் ஊருக்குப் போனேன், அவ்வளவுதான்.
விமானம் ஏறுமுன் கையில் ஒரு சீட்டைத் திணித்தார்:
'மூணு பவுன் சங்கிலி. செல்வி கல்யாணத்தன்னிக்கு
மண்டபத்தில் காணாமல் போனது.
தேடிக் குடுங்க சாமி.'
முதல் வாரமே வரிசையில் நின்று
கல்லறையின் குளிர்ந்த பளிங்கில் கை வைத்து
தமிழில் படித்துக் காட்டினேன்.
நான் தொலைத்த குடையைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு வரிசைக்கு ஒரு மனுதான் நியாயம்.

அனுமதி அட்டைக்கான படிவத்தில்
குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம்.
நமக்கு ஏது அது? அப்பா பெயரை எழுதினேன்.
அன்றிலிருந்து கண்ணாத்தாளை யாரும் கூப்பிடவில்லை.
போலீஸ் அலுவலகத்தில், வங்கியில், பல் டாக்டரிடம்
"முத்து... முத்துக்காரு..."
திருச்சியைத் தாண்டாத லாரி புக்கிங் கிளார்க்
ஒவ்வொரு கவுன்டரிலும்
எனக்கு முன்னால் எழுந்து போனார்.
நான் பின்னால் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே தேர்வு வாயால்.
எதிரே பேராசிரியர்,
முதுகுக்குப் பின்னால் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் முப்பது பேர்.
நாற்பது நிமிடம் திக்கித் திணறினேன்.
முப்பதுக்கு இருபத்தொன்று என்றார்.
எழுதப் போன பேனாவை நிறுத்தி,
"ஏற்றுக்கொள்கிறீர்களா?"

மதிப்பெண்ணை
யாராவது கேட்டுவிட்டா போடுவார்கள்?
சரி என்று தலையை ஆட்டினேன்.
நம்மூர் ஆட்டல், பக்கவாட்டில், லேசாக.
அவர் பேனாவை மூடினார்.
"நல்லது. பிப்ரவரியில் வாருங்கள்."

விடுதி அறைக்குப் போய் அழுதேன்.
ஜனவரி முழுக்கப் பனிமூட்டம்,
எதிர் வீட்டு ஜன்னல்கூடத் தெரியவில்லை.
வேறு வேலை இல்லாததால் படித்தேன்.
பிப்ரவரியில் இருபத்தெட்டு.
அடுத்த தாளில் இருபத்திமூன்று தந்தபோது
வாயைத் திறந்தே சொன்னேன்:
வேண்டாம்.
வானம் இடிந்து விழவில்லை.
அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள்.

போன சனிக்கிழமை காரைக்குடியில்
ஒரு கல்லூரித் தாளாளர் என் சான்றிதழைப்
பார்க்காமலே திருப்பித் தந்தார்.
"பதினெட்டாயிரம். திங்கள்லேர்ந்து வந்துரும்மா."
அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.
மின்விசிறி சுற்றியது. கேள்வி வரவில்லை.
தலையை ஆட்டினேன்.
இரண்டு வருஷம் அதற்கு இல்லை என்று அர்த்தம்.
"சந்தோஷம்" என்று அவர் மணியடித்து
டீ சொல்லிவிட்டார்.
டீயைக் குடித்து முடித்துத்தான்
வாயைத் திறக்க முடிந்தது.

"பதினாலு லட்சம் கடன்" என்றார் அப்பா.
வேறு எதுவும் சொல்லவில்லை.

இன்று அம்மா குஸ்கா போட்டிருக்கிறாள்.
ஆரோக்கியமேரி அக்கா கிண்ணத்தோடு வந்தார்.
சங்கிலி கிடைத்துவிட்டதாம்.
செல்வி பீரோவில், புடவைக்கு அடியில்,
அடகுக்கடை ரசீதாக.
"அவர் கையில குடுத்தா கண்டுபிடிக்காம விடமாட்டார்டி"
என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அப்பா தட்டில் ஓர் இலை வந்தது.
வழக்கம்போல ஓரமாக ஒதுக்கினார்.
ஒதுக்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வாசலில் பைக்.
வங்கித் தபாலோடு கூரியர் பையன்:
"முத்துக்கருப்பன்! யாருங்க முத்துக்கருப்பன்?"

அப்பாவுக்கு முன்னால்
எச்சில் கையோடு
நான் எழுந்துவிட்டேன்.