பத்தொன்பதுக்குப் பதினேழு

சனிக்கிழமை ராத்திரி எனக்கு மூன்று டாலர்.
அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு.
ஹால்டன் ஃபெரியில் கூடைப்பந்து பார்க்க
யார் காசு கொடுப்பார்கள்?
ஆட்டம் முடிந்தபின் அதே தரையில் நடக்கும் நடனத்துக்குத்தான் கூட்டம்,
நடனத்துக்குப் பியானோ நான்.
சுவரொட்டியில் அவர்களுக்கு மேலே
மிஸ் ஹெட்விகா ஹ்ரின்கோ,
ஒரு எழுத்து விட்டுப்போய்.

தீயணைப்பு நிலையத்தின் மாடி அது.
கீழே குதிரைகள் கனைக்கும்.
மேலே, ஆளுயரம் இரண்டு இருக்கும் கம்பி வலைக்குள்
ஐந்து பேரும் ஐந்து பேரும்,
நடுவே எந்த அணியிலும் சேராத ஒரு தூண்.
வலையை ஒட்டிக் கணப்பு அடுப்பு.
அந்தப் பக்கம் தள்ளப்பட்டவன்
கம்பளிச் சட்டை தீயும் வாசனையோடு
மிச்ச ஆட்டத்தை ஆடுவான்.

விளக்குச் சிம்னி ஊதும் ஆலையே அணிக்கும் முதலாளி.
மேலாளர் தாடியஸ் க்ரல்
டிக்கெட் பெட்டியின் சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தார்,
மற்றவர்கள் சிலுவை மாட்டும் இடத்தில்.
நவம்பரில் தொடங்கி எட்டு ஆட்டம்.
எட்டும் தோல்வி.
வெளியூரில் பெண்கள் தொப்பி ஊசியை
வலைக்குள் விட்டுக் குத்தினார்கள்.
எங்கள் ஊரில் நாங்கள் குத்தவில்லை
என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

எம்ரிஸ் ப்யூ,
பன்னிரண்டு வயதில் உலைக்கு முன் நின்றவன்.
உள்ளங்கை இரண்டிலும் உணர்ச்சி செத்திருந்தது.
பந்து கையில் இருக்கிறதா என்பதைப்
பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.
ஆனாலும் தண்ட எறி என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.
முழங்கால்களுக்கு இடையிலிருந்து இரு கையாலும்,
இன்னும் இறுகாத கண்ணாடிக் குமிழியைத் தூக்குவதுபோல் தூக்கி
விடுவான்.
விடும்முன் கன்னத்தை உப்புவான்.
தொழில் பழக்கம்.

ஜனவரி ஐந்து. பனிப்புயல்.
டிராம் பாதியில் நின்றுபோனதில்
எதிரணியில் மூன்றே பேர்
தொடைவரை நனைந்து படியேறி வந்தார்கள்.
மூன்று பேரை வைத்துக்கொண்டே
கடைசி நிமிடம்வரை எங்களைச் சமனில் நிறுத்தினார்கள்.
மறைத்து என்ன ஆகப்போகிறது?
கேசிமிர் வோய்டாஸ் வீசிய பந்து
தூணில் பட்டது, விளக்கில் பட்டது,
சிம்னி சில்லுச் சில்லாக,
அந்தப் பக்கமே இருட்டு.
இருட்டுக்குள்ளிருந்து எம்ரிஸ் எறிந்தான்.
கையில் பந்து இருந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது
என்று இன்றுவரை கேட்கவில்லை.

பத்தொன்பதுக்குப் பதினேழு!

அன்று நடனத்தில் ஒருவர் கால் ஒருவர் மிதித்தார்கள்.
அவன் பியானோவில் சாய்ந்து நின்றான்,
கன்னத்தில் வலை பதித்த சின்னச் சின்னக் கட்டங்கள்,
கணக்கு நோட்டின் தாளைப்போல.
நான் ஒரு கட்டை தவறினேன்.
விரல் விறைத்துவிட்டது என்றேன்,
கேட்காதவர்களிடம்.

அடுத்த வெள்ளிக்கிழமை க்ரலைக் காணோம்.
பெட்டி இருந்தது.
சாவியும் இருந்தது, பெட்டிக்குள்ளே, தனியாக.

லீக் தலைவரின் கடிதம் தட்டச்சில் வந்தது:
பருவத்தின் நடுவில் கலைந்த அணியின்
ஆட்டங்கள் யாவும் நடைபெறாதவை எனக் கொள்ளப்படும்.

எட்டுத் தோல்வி தொலைந்ததில் யாருக்கும் துக்கமில்லை.

வலையை லெமுவேல் கான்ட்ஸ் வாங்கிப்போனார்,
கோழிகளுக்கு, அடி நாலு சென்ட்.
சட்டைகள் விலைபோகவில்லை.
நான் சனிக்கிழமைகளில் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்,
எதற்குப் பிறகு வாசிக்கிறேன் என்று மட்டும் தெரியாமல்.

மாதக் கடைசியில் எம்ரிஸ் மாடி ஏறி வந்தான்.
சம்பள உறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து
பியானோ மூடிமேல் வைத்து நீவினான்.
பிடித்தம் இரண்டு சென்ட்.
சிம்னி ஒன்று, ஐவர் பங்கு, ஜனவரி ஐந்து, ஆட்டத்தின்போது.

"பார், ஹெட்விகா,
ஆலை ஒத்துக்கொள்கிறது."

கன்னம் உப்பச் சிரித்தான்.
சீட்டை இசைத்தாள்களுக்கு நடுவே செருகினேன்.
அவன் திருப்பிக் கேட்கவில்லை,
நானும் தரவில்லை.