கால் சுற்று

பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.
விரல் வைத்து எண்ணினேன்,
கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை.
எஞ்சின் மூடியின் இடது ஓரத்தில்
மூன்று வெறும் ஓட்டைகள்.
சஸ்காச்சுவானில் ஏப்ரல் என்பது
நாள்காட்டியில் மட்டும்;
ஹேங்கர் தகரத்துக்குள் இன்னும்
பிப்ரவரிதான் குடியிருக்கிறது.

விமானம் இரண்டு பேருடையது.
வலது இறக்கை எனக்கு, இடது உனக்கு என்று
பிரித்துக்கொள்ள முடியாததால்
செவ்வாய், வியாழன், ஒன்றுவிட்ட ஞாயிறு எனக்கு.
மிச்சம் ஓரெஸ்ட் பசிச்னிக்குக்கு.
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.
அவன் சரளைப் பாதையில் இறக்கியதும்
முன்விசிறியின் நுனியைக் கல் கடித்ததும்
அதற்கு நான் சொன்ன ஒரு சொல்லும்
காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.
எங்களுக்காகப் பேசுவது சுவரிலிருக்கும் வெள்ளைப் பலகை.
"எண்ணெய் ஒரு குவார்ட் ஊற்றினேன். ஓ."
"இடது டயரில் காற்றில்லை. வெ."
இதைவிடக் குறைவாகப் பேசிப்
பொன்விழா கண்ட தம்பதிகள் இருக்கிறார்கள்.

அன்று பெரிய எழுத்தில் எழுதினேன்:
"மூன்று திருகாணி காணோம்.
கிளம்பும் முன் எண்ணும் பழக்கம் உண்டா?"
கேள்விக்குறியை இரண்டு தடவை அழுத்தினேன்.
இரண்டு வாரம் பதிலில்லை.

வின்னிபெக்கிலிருந்து தபாலில் வந்தன.
சுண்டுவிரல் நகமளவு தலை,
கழுத்தில் வில்சுருள்,
ஒன்று பதினோரு டாலர்.
அந்த விலைக்கு ஒரு கோழி வாங்கலாம்,
அது முட்டையாவது இடும்.
தலையில் பொறித்த எண்தான் நீளம்.
ஓர் எண் குறைந்தால் எட்டாது.
ஓர் எண் கூடினால்
பிடித்ததுபோல் பிடித்து, ஆடிக்கொண்டேயிருக்கும்.

மேல்மூடியைக் கழற்றிக் கம்பளியில் கிடத்தி
குறடால் வில்லை நெரித்து
வளையத்தை மாட்டப் போகையில்
ஒன்று தெறித்து எங்கோ ஓடியது.
வாயில் வந்ததைச் சொன்னேன்.
தகரம் திருப்பிச் சொன்னது.

தரையில் இல்லை.
கைவிளக்கை உள்ளே நீட்டினால்
கீழ்மூடியின் குழியில், புகைக்குழாய்க்குப் பின்னால்
பளபளவென்று என் பதினோரு டாலர்.
பக்கத்தில், கரியேறி, எண்ணெய்ப் பிசுக்கோடு
இன்னொன்று.

துடைக்கத் துடைக்க
அக்டோபர் தெரிந்தது.
எண்ணெய் மாற்றியது நான்.
ஆறு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.
வலப்பக்கம் முழுக்கப் பூட்டி
இடப்பக்கம் பாதியில் இருந்தபோது
மகள் ரெஜைனாவிலிருந்து அழைத்தாள்.
பேசி முடித்தேன், விளக்கை அணைத்தேன்,
வீட்டுக்குப் போனேன்.

ஆடி ஆடிக் கழன்றதில் ஒன்று உள்ளே விழுந்திருக்கிறது.
மற்ற இரண்டும் ரீகியரின் கோதுமை அரிதாளில்
எங்கோ பனிக்கடியில்.
அதன்பின் அவன் நான்கு முறை பறந்திருக்கிறான்.
நான் மூன்று முறை.
பதிவேட்டில் இருக்கிறது.

ஈரத் துணியால் பலகையைத் துடைத்தேன்.
கேள்விக்குறி மட்டும் போகவில்லை.
அதன் மேலேயே எழுதினேன்:
"ஒன்று கிடைத்தது. அக்டோபரில் பூட்டாமல் விட்டவள் நான். வெ."

பிறகு, அழுத்து, திருப்பு, கால் சுற்று.
டக்.
அழுத்து, திருப்பு.
டக்.
பன்னிரண்டு தலைகளின் பள்ளங்களும்
ஒரே பக்கம் பார்க்கும்படி நிறுத்தி
சிவப்பு வண்ணத்தில் கோடிட்டேன்,
எண்ணத் தெரியாதவர்களுக்காக.
அதில் நானும் சேர்த்தி.

வியாழக்கிழமை போனபோது
என் வரி அப்படியே இருந்தது,
கீழே ஒன்றும் எழுதாமல்.
இருக்கையில் ஒரு காபி டப்பா.
உள்ளே ஏழு திருகாணிகள், நீளவாரியாக,
சிறு உறைகளில்,
ஒவ்வொன்றிலும் அந்தச் சதுரக் கையெழுத்து.
ரசீதும் கிடந்தது. நவம்பர் எட்டு.

கண்டிருக்கிறான். வாங்கியும் இருக்கிறான்.
மாட்டவில்லை, சொல்லவில்லை.
நான் எப்போது எண்ணுவேன் என்று பார்த்தானோ,
குளிரில் கை வரவில்லையோ.
டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தேன்.

அப்புறம் இறங்கி
சிவப்புக் கோடுகளை நம்பாமல்
ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை
விரல் வைத்து எண்ணினேன்.
பலகையில் இடம் மிச்சமிருந்தது.
"டப்பா கிடைத்தது. காபி எங்கே?"