பதினோரு கட்டங்கள்

ஓர்ட்வின் பேனாவில் எழுதுவான்,
ஸ்வான்யெ பென்சிலில்.
குறுக்கே போவதெல்லாம் அவனுக்கு,
கீழே இறங்குவதெல்லாம் அவளுக்கு.
பிரேமர்ஹாஃபனில், மீன் அடைக்கும் கூடத்துக்கு
நாலு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில்
இருபத்தாறு வருடத்து எல்லை ஒப்பந்தம் அது.

படகை விற்றான், அவளிடம் கேட்காமல்.
இன்று நான்காம் நாள்.
காப்பிக் குடுவை மட்டும்
மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
தூது போய் ஆறிப்போகிறது.
குறுக்கெழுத்துக்குச் சண்டை தெரியாது.
காலையில் அவன் முடித்து வைப்பான்,
ஷிப்ட் முடிந்து இரவில் அவள் எடுப்பாள்.

குறுக்கே ஏழு:
'மூன்றாமவர் வந்தால் கலைவது.'
பதினோரு கட்டம்.
அவன் எழுதியிருந்தான்: ஐன்சாம்கைட். தனிமை.
தனிமை இரண்டாமவருக்கே கலைந்துவிடும்,
அதை அவன் யோசிக்கவில்லை.
அவர்கள் எழுத்தில் அதற்குப் பத்தே இடம்.
கடைசிக் கட்டம் வெள்ளையாக,
விழுந்த பல்லின் இடம்போல.

அவள் கையில் இன்னும் ஹெர்ரிங் வாடை.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.
ஐன் என்றால் ஒன்று.
ட்ஸ்வை, இரண்டு.
வால் இரண்டுக்கும் ஒன்றுதான்,
தலையை மாற்றினால் போதும்:
ட்ஸ்வைசாம்கைட்.

நான் இதைத் தமிழில்
'இருமை' என்று எழுதிப் பார்த்தேன்.
உடனே ஒரு தத்துவக்காரர் வந்து
நடுவில் உட்கார்ந்துகொண்டார்.
அடித்துவிட்டேன்.

பேனாவின் மேல் பென்சில் எடுபடாது.
மீன்பெட்டியில் எண் போடும் தடித்த கறுப்புப் பேனாவை
மேலங்கிப் பையிலிருந்து எடுத்து
முதன்முறையாக அவன் எல்லைக்குள் நுழைந்தாள்.
தலை மாறியது.
வால் ஒரு கட்டம் நகர்ந்து உட்கார்ந்தது,
பேருந்தில் யாரோ
முகம் பார்க்காமல் இடம் விடுவதுபோல.

படுக்கை அந்த ஊர் வழக்கப்படி:
ஒரு கட்டில், இரண்டு மெத்தை,
ஆளுக்கொரு போர்வை,
நடுவே சில்லறையும் ஒற்றைக் காதணியும்
தொலைந்துபோகிற பிளவு.
சுவரைப் பார்த்து அவன் தூங்குவதாக நடித்தான்.
தூங்கியிருந்தால் குறட்டை வந்திருக்கும்.
ஐஸ் கூடத்தின் குளிரோடு அவள் பாதம்
பிளவைத் தாண்டிப் போய்
அவன் கெண்டைக்காலில் நின்றது.

துள்ளினான். திட்டினான்.
நான்கு நாளில் முதல் வார்த்தை,
எழுதத்தக்கதல்ல.
பிறகு, "ஏழு தப்பா?"
"தப்பு."
"படகும்தான்," என்றான்
வெகுநேரம் கழித்து.
அவள் பதில் சொல்லவில்லை.
காலை எடுக்கவும் இல்லை.