எட்டு நாளாய் ஞாயிறு

புறப்படும்போது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.
காலையில் ஒரு கை சோறு, அவித்த சூரைத் தலை,
பின்னேரம் தண்ணீர் மாற்றவேணும்,
வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போவான்,
இழுக்கவேண்டாம்.
"ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றான் கஜீபன்
திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு.
ஆறாயிரம் பேச்சு. நாலாயிரம் கையில்.
ஆட்டோ கல்லடிப் பாலம் ஏறும்வரை
பின்னால் ஓடிவந்தான் கச்சான்.

மகரகமவில் தங்கச்சியின் கட்டிலருகே
பிளாஸ்டிக் கதிரையில் என் இரவுகள்.
விடிந்தால் போனில் படம் வரும்:
கோப்பை நிறையச் சோறு,
நாக்கை நீட்டிக்கொண்டு நாய்.
அவளுக்கும் காட்டுவேன்.
"மெலிஞ்சிற்றான்" என்பாள்,
தான் மெலிந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவள்.

புதன்கிழமைதான் கண்டேன்.
கச்சானின் காதுக்கு மேலே, சுவரில்,
நகைக்கடைக் கலண்டர்.
சிவப்பில் ஆறு. ஞாயிறு.
செவ்வாய் வந்த படத்தைத் தேடினேன்: ஆறு.
திங்கள்: ஆறு.
வியாழன் கோப்பை இடம் மாறியிருந்தது,
நாய் மற்றப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது,
ஆறு அப்படியே.
ஊருக்கெல்லாம் கிழமை ஓடி
அடுத்த ஞாயிறு வந்து முட்டியபோது
என் வீட்டில் எட்டு நாளாய் ஞாயிறு.

எடுத்தால் மணியடிக்கும், நிற்கும்.
பிறகு குரல் பதிவு வரும்:
"அக்கா, இப்பதான் திண்டிட்டுப் படுத்திருக்கான்.
நீங்க யோசிக்காதீங்க."
யோசிக்காமல் ஏழு தரம் கேட்டேன்.
அவன் குரலுக்குப் பின்னால் ஒருவன்
"கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில்" என்று கத்துகிறான்.
எஞ்சின் உறுமுகிறது.
என் வீட்டு விறாந்தையில் பஸ் நிறுத்துவதில்லை.

கட்டாரிலிருக்கும் பெறாமகனுக்கு
அன்றைக்கும் படம் அனுப்பவேண்டியிருந்தது.
தங்கச்சி அன்று கண் திறக்கவில்லை.
போன கிழமை யோகட் தின்றுகொண்டு சிரித்தாளே,
அதில் ஒன்று மிச்சமிருந்தது.
"அம்மா நல்லாயிருக்கா" என்று எழுதி அனுப்பினேன்.
அனுப்பமுன்
பின்சுவரில் கலண்டர் எதுவும் இருக்கிறதா என்று
பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு பெனடிக்டாவோடு
மூன்று வருஷமாய்க் கதையில்லை.
முருங்கை அவள் பக்கம் சாய்ந்ததில் தொடங்கி
மதில், கிராம சேவகர், பொலிஸ் வரை போனது.
நம்பர் என்னிடமில்லை.
மீன்கார மாஹிரிடம் வாங்கி
நாலு தரம் வெட்டி
ஐந்தாம் தரம் அடிக்கவிட்டேன்.

"ஆர்?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
"உங்கட நாய் ஒரு கிழமையா என்ட படியிலதான் கிடக்கு.
மதில்ர பொந்தால வந்தது. சோறு வெக்கிறன்.
மறுகா, அந்தப் பொந்த அடைக்கச் சொல்லி நான் சொல்லக்குள்ள
நீங்கதான் ஒண்ணாண்டு நிண்டீங்க."
"ஓம்" என்றேன்.
"நாயோட எனக்குக் கோவமில்ல."
வைத்துவிட்டாள்.

பெறாமகன் வந்திறங்கிய பிறகு,
எல்லாம் முடிந்த பிறகு,
இரவு ரயிலேறினேன்.

வீட்டில் கலண்டர் சரியான திகதி காட்டியது.
குப்பைவாளியில்
ஒரே பிடியில் கிழித்த பதினான்கு நாள்,
கசங்காமல்,
ராகுகாலமும் சுபநேரமும் ஒட்டியபடி.

பின்னேரம் கஜீபன் வந்தான், மீதி இரண்டாயிரத்துக்கு.
ஏசுவதற்கு ரயிலில் விடியவிடிய அடுக்கிவைத்திருந்தேன்.
"படமெல்லாம் வந்ததுதானே அக்கா?" என்றான்.
வந்தது என்றேன்.
"திறப்பை வெச்சிற்றுப் போ."
அதற்குமேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

கச்சான் பொந்தால் வந்தான்.
என் சீலைக்கரையை மோந்து, தும்மினான்.
ஆஸ்பத்திரி மணம் போகவில்லை போலும்.
கோப்பையில் சூரைத் தலை வைத்தேன்.
பார்த்தான்.
வந்த வழியால் திரும்பிப் போய்விட்டான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அலுமினியக் கோப்பை
சீமெந்தில் உராய்கிற சத்தம்.
"சூரை அதுக்கு ஒருநாளும் புடிக்காது" என்கிறாள்,
முருங்கைக்குச் சொல்வதுபோல.