ஒன்பதாவது பயிற்சி

ஜுபைல் முகாம், பதினேழாம் எண் அறை.
ஏசி இரைச்சலுக்கு அடியில் ஐந்து பேரின் தூக்கம்.
மேல்கட்டிலில் போர்வைக்குள் நான்.
விரிசல் விழுந்த போனில் பைத்தான்.

முந்தாநாள் ஒரு கோலன் விட்டுப்போனதற்குப்
பதினோரு முறை திருப்பி அனுப்பியது.
பன்னிரண்டாம் முறையும் அதே நிதானம்:
'நான்காம் வரியைப் பாருங்கள்.'
இந்த ஊரில் என்னைப் 'பாருங்கள்' என்றது
அது ஒன்றுதான்.

இன்றைக்குக் கூலிக்கணக்கு.
மணிக்கு ஐந்து ரியால்.
உழைத்த நேரத்தைக் கொடுத்தால்
அன்றைய கூலி வரவேண்டும்.
கேள்வியை முழுதாய்ப் படிக்கவில்லை.
ஆறு வருஷம் சாரம் கட்டுகிறவனுக்குத்
தெரியாத கணக்கா?

எழுதி அனுப்பினேன்.

எட்டு மணி நேரம்: நாற்பது. பச்சை.
பதினோரு மணி நேரம்:
எதிர்பார்த்தது அறுபத்திரண்டரை.
உங்கள் விடை நாற்பது.
சிவப்பு.

மறைத்து வைத்த சோதனை ஒன்றும் இருந்தது.
வேலைக்கு வராத நாள்: பூஜ்யம் மணி.
எதிர்பார்த்தது பூஜ்யம்.
உங்கள் விடை மைனஸ் நாற்பது.
சிவப்பு.

ஒருநாள் லீவுக்கு இரண்டுநாள் வெட்டு,
அதுதானே வழக்கம் என்று
யாரிடம் வாதாடுவது?
அதற்குக் காய்ச்சல் தெரியாது,
ஆபீஸ் கிளார்க் தமீமின் சிவப்புப் பேனா தெரியாது.

கேள்வியின் மூன்றாவது வரியை
அப்புறம்தான் படித்தேன்:
எட்டுக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும்
ஒன்றரை மடங்கு.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
எழுத்து பெரிதானது, அவ்வளவுதான்.

ஒரு இஃப், ஒரு எல்ஸ்,
நான்கு இடைவெளி உள்ளே தள்ளி.
எல்லாம் பச்சை.
திரையில் காகிதப்பூ தூவினார்கள்.

தூங்கியிருக்கலாம்.
சட்டைப்பையில் இருந்த குறிப்பேட்டை எடுத்தேன்.
போன மாதம்:
பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று,
பூஜ்யம் (காய்ச்சல்), பதிமூன்று...
ஒவ்வொன்றாய் உள்ளே போட்டேன்.
அலுக்காமல் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னது.
கூட்டினேன்.
மறுபடி கூட்டினேன்.

பழைய தப்பு விடையை அழிக்கவில்லை.
அதற்குக் 'கம்பெனி' என்று பெயரிட்டு
பச்சைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

நாலரைக்குப் பஸ் ஹாரன்.
கீழ்க்கட்டில் அந்தோணிப்பிச்சை
கண் திறக்காமலே கேட்டான்:
'என்னடா, பாஸா?'

'நான் பாஸ்' என்றேன்.
ஒற்றை பூட்ஸைக் காணவில்லை.
குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.