பச்சை இலை

இயற்கை என்ற சொல்லை
ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அடிப்பவன் நான்.
சிம்மக்கல்லில் ஃப்ளெக்ஸ் கடை.
'இயற்கை எய்தினார்',
வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு,
பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு.

அதே சொல் இன்று
பூனைத் தீவனப் பையில், பச்சையில்.
மேலே ஓர் இலை, இலைமேல் ஒரு பனித்துளி.
அந்தத் துளியை எனக்குத் தெரியும்.
ஓசியில் இறங்குவது.
போன மாதம்தான் அதை
ஒரு செக்கெண்ணெய்க் கடைக்கு வைத்தேன்,
மறுநாள் தண்ணி கேன் கம்பெனிக்கு.

"முன்னூறு ரூவா கூடத்தான்.
ஆனா நேச்சுரல்ண்ணே" என்கிறார்
கடைக்கார நாகூர்கனி.
பொய் சொல்லும் முகமில்லை.
அவரும் முன்பக்கத்தை மட்டும் படித்தவர்.

எங்கள் தொழிலில்
பெரிய எழுத்து காசு கொடுத்தவருடையது.
சின்ன எழுத்து, போலீஸ் வந்தால் காட்ட.
பையைத் திருப்பினேன்.

எடை கூடியது முதலில் வரவேண்டுமாம்,
காதுகுத்து பேனரில் தாய்மாமன் மாதிரி.
வந்திருந்தது மக்காச்சோளம்.
அடுத்து அரிசி நொய்.
முன்பக்கம் முழுக்க நின்ற கோழி
இங்கே ஏழாவது ஆளாக,
அதுவும் கோழியாக இல்லை,
கோழிச் சுவையாக.

கடைசி வரியில் டாரின்.
தலையில் ஒரு நட்சத்திரக் குறி,
கீழே பொடியாக: செயற்கை.
அது குறைந்தால் பூனைக்குக் கண் மங்கும்,
நெஞ்சு தளரும் என்று
டாக்டர் பியூலா சொல்லியிருக்கிறார்.
எலியில் இருக்கிறதாம் அது.
எங்கள் டெம்மி எலி பிடிப்பதில்லை.
பிரிண்டர் சூட்டில் வயிறு காட்டித் தூங்கும்.

ஆக, யாரும் பெரிதாகப் போடாத ஒன்றுதான்
அதன் நெஞ்சைப் பார்த்துக்கொள்கிறது.

இலை இல்லாத பை ஒன்று கேட்டேன்.
அடியிலிருந்து தூசி தட்டி எடுத்தார்.
அசிங்கமான ஆரஞ்சு,
எழுத்துக்கு நிழல்கூடச் சரியாக விழவில்லை.
முதல் வரியில் கோழி.
டாரினும் இருந்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு
போனில் ஒரு போட்டோவோடு வந்தார்கள்
செல்லூர்ப் பையன்கள் மூவர்.
பெயர் ஒச்சப்பன். வயது நாற்பத்தொன்று.
என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டேன்.
ஒருவனை ஒருவன் பார்த்தார்கள்.
"இயற்கைன்னே போட்ருங்கண்ணே."

போட்டேன்.
விளக்கை வைத்தேன்.
பின்னால் டெம்மி
புதுத் தீவனத்தைக் கடிக்கும் சத்தம்.
கீழே, மூலையில், ஆறு பாயிண்டில்
வழக்கம்போல எங்கள் கடை பெயர்.